‘நாடகம் போடுறா என்கிறார்கள், டாக்டர்!’

மனநலம்: வாசகர் கேள்வி பதில்

தன்னைப் பற்றிய எண்ணத்திலும் பிறரோடு உறவிலும் நெடுநாள் சிக்கல் தரும் ஆளுமைக் கோளாறுகள் பற்றியும், அடிபட்ட மனம் மீண்டு எழுவது பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர். இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்துவருபவர். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

என் மகளுக்கு 21 வயது. நர்சிங் மூன்றாம் ஆண்டு, ஹாஸ்டலில் இருக்கிறாள். ஒரு வாரம் ஒரு தோழியைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவாள், அடுத்த வாரம் அவள்தான் பெரிய துரோகி. யாராவது ஃபோனை எடுக்கவில்லை என்றால் கையைக் கீறிக்கொள்கிறாள். ஒரு டாக்டர் ‘பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு’ என்று சீட்டில் எழுதினார். இன்னொரு இடத்தில், ‘இது நோயில்லை, குணம். மாறாது’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் ‘நாடகம் போடுறா’ என்கிறார்கள். என் வளர்ப்புதான் தப்பா? இவள் மாறுவாளா?
- ஒரு தாய், மார்த்தாண்டம் அருகில்

மாறுவாள் அம்மா. மாறாது என்று உங்களை அனுப்பிவைத்தவர் பழைய பாடத்தைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பாடம் தப்பு என்று தெரிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மெக்லீன் என்று ஒரு மனநல மருத்துவமனை இருக்கிறது. உங்கள் மகளுக்கு இருக்கும் இதே கோளாறுடன் அங்கே உள்நோயாளிகளாகச் சேர்ந்த 290 பேரை, மேரி சனரீனி என்ற ஆய்வாளர் 1992 முதல் பின்தொடர ஆரம்பித்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அவரும் குழுவினரும் அவர்களைத் தேடிப் பிடித்து உட்காரவைத்துப் பேசினார்கள். பத்து வருட முடிவுகள் 2010-ல் வெளிவந்தன. 93 சதவீதம் பேருக்கு நோய்க்குறிகள் குறைந்தது இரண்டு வருடமாவது தொடர்ந்து அடங்கியிருந்தன. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்கு மோசமாக இருந்தவர்களுக்கே இப்படி.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நோய்க்குறிகளும் அடங்கி, வேலையிலும் உறவிலும் நன்றாக நிலைத்தவர்கள் 50 சதவீதம். கீறுவது நின்றுவிடுகிறது, கோபம் தணிகிறது. ஆனால் ஒரு வேலையில் நிற்பதும் ஒரு நட்பைக் காப்பாற்றுவதும் மெதுவாகத்தான் வருகின்றன. அதனால் என்ன ஆனாலும் அவள் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். ஒரு செமஸ்டர் பின்தங்கினால் பின்தங்கட்டும். ‘உடம்பு சரியான பிறகு படிக்கலாம்’ என்று வீட்டுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தால், பிறகு அவள் ஏறிப் பிடிக்க வேண்டிய பாதியை நாமே பிடுங்கிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

நாடகம் என்ற பேச்சு எனக்கு வேதனையாக இருக்கிறது. உறவினர்கள் சொல்வதாவது போகட்டும், வெள்ளைக்கோட்டுப் போட்டவர்களும் சொல்கிறார்கள். உள்ளே நடப்பது இதுதான்: மற்றவர்களுக்குச் சின்ன உறுத்தலாகத் தெரிவது இவளுக்கு நொடியில் உச்சத்துக்கு ஏறிவிடும். ஏறியது இறங்கவும் நேரம் எடுக்கும். தோழி ஃபோனை எடுக்கவில்லை என்றால் நமக்கு ‘குளிக்கப் போயிருப்பாள்’ என்று தோன்றும். இவளுக்கு ‘என்னை விட்டுப் போய்விட்டாள்’ என்று உடம்பு முழுக்கத் தெரியும். அந்த நிமிடத்தில் கீறுவது பெரும்பாலும் சாவதற்காக அல்ல, உள்ளே எரிவதைச் சற்றுத் தணிக்க. அதற்காக இதை லேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. தற்கொலை ஆபத்து இந்தக் கோளாறில் உண்மையாகவே அதிகம். ‘சும்மா மிரட்டுறா’ என்று ஒரு தடவைகூட எண்ண வேண்டாம். வீட்டில் ரப்பர் பாலுக்கு ஊற்றும் ஆசிட், வாழைக்கு வாங்கிய பூச்சிமருந்து, பாட்டியின் மாத்திரைகள் இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பூட்டிவையுங்கள். ‘செத்துப்போகணும்போல இருக்கா மக்களே?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

உங்கள் வளர்ப்பா என்று கேட்டீர்கள். இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஏறத்தாழ பாதிப் பங்கு பரம்பரையாக வருவதாகத் தெரிகிறது. மீதியில் சிறுவயதுக் கொடுமை, கவனிப்பில்லாமை, தனிமை என்று பலதும் சேரும். இவர்களில் பலருக்கு அப்படிக் காயங்கள் உண்டு, எல்லாருக்கும் இல்லை. பிறவியிலேயே சட்டென்று உணர்ச்சிவசப்படும் ஒரு குழந்தை, ‘இதுக்குப் போயா அழுற’ என்று அடிக்கடி கேட்கும் வீட்டில் வளர்ந்தால், தன் உணர்ச்சியைத் தானே நம்பாமல் போகும். பெரிதாகக் கத்தினால்தான் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்றும் பழகிவிடும்.

நம் மாவட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காத வீடு எது? அப்பா கல்ஃபில், அம்மா விடியற்காலையில் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு. என் அம்மாவும் அண்டி ஆபீசில் வேலை பார்த்தவர்தான். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்துகொண்டே இருக்கும். அந்தக் கையோடு வந்து அடுப்பு மூட்டுகிறவருக்குப் பிள்ளையின் அழுகையை உட்கார்ந்து கேட்க எங்கே நேரம்? அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நீங்களும் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். இனிமேல் எப்படிப் பேசுவது என்பதில்தான் உங்களால் செய்யக்கூடியது இருக்கிறது.

இரவு பதினோரு மணிக்கு ஹாஸ்டலிலிருந்து அழுதுகொண்டு கூப்பிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘அவ ஃபோன் எடுக்கலன்னா உனக்கென்ன, போய்ப் படு’ என்றால் அழுகை ஏறும். ‘அவ எடுக்காதது உனக்கு ரொம்ப வலிச்சிருக்கு மக்களே. நான் லைன்லதான் இருக்கேன்’ என்று சொல்லிப் பாருங்கள். கீறியது சரி என்று நீங்கள் சொல்லவில்லை. வலித்தது உண்மை என்று மட்டும் சொல்கிறீர்கள். பிறகு, வாளியில் குளிர்ந்த தண்ணீர் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தைச் சில நொடிகள் அதில் முக்கச் சொல்லுங்கள். இதயத்துடிப்பு மெதுவாகும், உச்சத்திலிருந்து கொஞ்சம் இறங்கி வருவாள். கடலில் முங்குகிறபோது உடம்பு தானாகச் செய்கிற வேலைதான் இது. இதய நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

தண்ணீர் வித்தை நான் கண்டுபிடித்ததல்ல. மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய டிபிடி என்ற சிகிச்சையில் கற்றுத்தருவது. வாரம் ஒரு முறை தனியாகப் பேச்சு, வாரம் ஒரு முறை குழுவாக வகுப்பு, நெருக்கடி நேரத்தில் ஃபோனில் உதவி என்று ஒரு வருடம் போகும். இது பலன் தருகிறது என்று காட்டிய முதல் முறையான ஆய்வு 1991-ல் வந்தது. லினஹன் 17 வயதில், 1961-ல், ஹார்ட்ஃபர்ட் நகரத்து மனநல மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டு இரண்டு வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தவர். தன்னைத்தானே வெட்டிக்கொண்டவர், சிகரெட்டால் சுட்டுக்கொண்டவர். பல பத்தாண்டுகள் கழித்து, 2011-ல், அதே மருத்துவமனைக்குத் திரும்பிப்போய் எல்லார் முன்னாலும் அதைச் சொன்னார். உங்கள் மகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். நர்சிங் படிக்கிற பெண், அவளுக்கு என்னைவிட நன்றாகப் புரியும்.

ஆளுமைக் கோளாறுக்கு மாத்திரை கிடையாதா? ஒரே சீட்டில் ஐந்து மருந்து எழுதியிருக்கிறார்கள்.
- குலசேகரம்

ஆளுமைக் கோளாறையே குணமாக்குவதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை. பார்டர்லைன் கோளாறுக்கென்றே மருந்து கொடுக்க வேண்டாம் என்று இங்கிலாந்தின் அரசு வழிகாட்டுதல் 2009-லேயே சொல்லிவிட்டது. கூடவே மனச்சோர்வோ பதற்றநோயோ இருந்தால் அதற்கு மருந்து தேவைப்படும், அது வேறு. ஐந்து மருந்தும் எதற்கெதற்கு என்று எழுதியவரிடமே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஆனால் கேட்காமல் ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். சில மருந்துகளைத் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம்.

என் மாமியார் ஒரு நார்சிசிஸ்ட், தன்னைத் தவிர யாரையும் பெரிதாக நினைக்காதவர். யூடியூபில் சொன்ன பத்து அறிகுறியும் பொருந்துகிறது. அவரை எப்படிச் சிகிச்சைக்குக் கூட்டிவருவது?
- நாகர்கோவில் வாசகி

வீட்டில் நீங்கள் படுகிற பாடு உண்மை. அதை நம்புகிறேன். அதற்கு நீங்கள் தேடிப் பிடித்த பெயரை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

ஒருவரை வெளியிலிருந்து பார்த்து, அதுவும் கோபத்தோடு பார்த்து, ஆளுமைக் கோளாறு என்று முடிவுகட்டவே முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப்பட்டியல், ஐசிடி-11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் நார்சிசிஸ்ட் என்று தனி நோயே கிடையாது. அமெரிக்கப் பட்டியலில்தான் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. புதிய பட்டியல் முதலில் பார்ப்பது வேறு. தன்னைப் பற்றிய எண்ணத்திலும் பிறரோடு உறவிலும் ஒருவருக்கு எவ்வளவு சிக்கல்? அது இரண்டு வருடமாவது நீடித்திருக்கிறதா? வீடு, வேலை, நட்பு என்று எல்லா இடத்திலும் தெரிகிறதா? இதையெல்லாம் பார்த்துவிட்டு லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று தரம் பிரிக்கிறது. மருமகளிடம் மட்டும் கடுகடுப்பாக இருந்து, கோயில் திருவிழாவிலும் மகளிர் குழுவிலும் எல்லாரோடும் நன்றாகப் பழகுகிறவருக்கு இது பொருந்தாது.

உங்களுக்குத் தேவைப்படுவது வீட்டுக்குள் ஒரு வரம்பு. சமையலறையில் எது உங்கள் பொறுப்பு, உங்கள் சம்பளத்தை யார் கையாள்வது, எந்த வார்த்தையைப் பொறுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்பதைக் கணவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அவர் அம்மாவிடம் அவரே சொல்லட்டும். அடி, உதை, மிரட்டல் இருக்கிறது என்றால் பேச்சுக்கே இடமில்லை, 181 மகளிர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

2017 ஓகி புயலில் கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அப்போது எனக்கு 20 வயது, தம்பிக்கு 15. நான் வேலைக்குப் போய் அம்மாவையும் அவனையும் பார்த்துக்கொள்கிறேன். தம்பி குடிக்கிறான், கடலுக்கும் போவதில்லை, வேறு வேலைக்கும் போவதில்லை. ‘அக்காக்காரி கெட்டி, இவன் கோழை’ என்று ஊரில் பேசுகிறார்கள். மன உறுதி பிறவியிலேயே வருவதா? எனக்கும் ராத்திரியில் தூக்கம் இல்லை.
- தூத்தூர் வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். கெட்டி என்று ஊர் பட்டம் கொடுத்துவிட்டால், அழுவதற்குக்கூட இடமில்லாமல் போய்விடும். இத்தனை வருடம் கழித்தும் தூக்கம் இல்லை என்றால் நீங்களும் ஒரு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தம்பியைக் காட்டப் போகிற சாக்கில் அல்ல, உங்களுக்காகவே.

இப்போது தம்பி. ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒரு சின்னத் தீவு. 1955-ல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நாற்பது வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, பிரசவச் சிக்கல், குடிகார அப்பா, மனநோயுள்ள அம்மா என்று இரண்டு வயதுக்கு முன்பே நாலைந்து சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்கு. அவர்களிலும் மூன்றில் ஒருவர், அதாவது 72 பேர், எந்தப் பெரிய பிரச்சினையும் இல்லாமல் நல்ல மனிதர்களாக வளர்ந்தார்கள். ஏன் என்று தேடியபோது திரும்பத் திரும்பக் கிடைத்த விஷயங்களில் முக்கியமானது, அந்தப் பிள்ளையை விட்டுக்கொடுக்காத ஒரு ஆள். அம்மா அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டி, பெரியம்மா, பக்கத்து வீட்டுக்காரர், ஒரு டீச்சர், யாரோ ஒருவர். இன்னொன்று, ‘நான் இல்லாவிட்டால் இந்த வேலை நடக்காது’ என்று சொல்லும்படி அந்த வயதில் கையில் இருந்த ஒரு பொறுப்பு.

உங்கள் வீட்டை இப்படிப் பாருங்கள். 20 வயதில் உங்கள் கையில் குடும்பம் வந்து விழுந்தது. பாரம்தான், ஆனால் காலையில் எழுந்திருக்க ஒரு காரணத்தையும் அது கொடுத்தது. 15 வயதுப் பையனுக்கு என்ன கிடைத்தது? அவனுடைய அந்த ஒரு ஆள் அப்பாவாகவே இருந்திருக்கலாம். வள்ளத்தில் கூட ஏற்றிக்கொண்டு போய் வலை இழுக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தானே. அவர் போன அன்றே தொழிலும் போனது, துணையும் போனது. அவன் வீட்டில் யாருக்கும் தேவைப்படாதவனாகவும் ஆகிவிட்டான், ஏனென்றால் எல்லாவற்றையும் அக்கா பார்த்துக்கொண்டார். உங்கள் மேல் பழி போடவில்லை. ஒரே அலை இருவரையும் ஒரே இடத்தில் அடிக்கவில்லை என்கிறேன்.

கவாய் ஆய்வில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு பகுதி உண்டு, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். 18 வயதில் தடம் மாறிப்போயிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் முப்பது, நாற்பது வயதுக்குள் நிமிர்ந்துவிட்டார்கள். மேலே படிக்க ஒரு வழி, ராணுவ வேலை, நல்ல வாழ்க்கைத் துணை, அரவணைத்துக்கொண்ட ஒரு திருச்சபை என்று வாழ்க்கை நடுவழியில் திறந்த கதவுகள் வழியாக வந்தார்கள். உங்கள் தம்பிக்கு இன்னும் வயது இருக்கிறது. கோழை என்று அழைப்பது அந்தக் கதவை அடைக்கிற வேலை.

உடல் கிடைக்காத துக்கம் தனி. பவுலின் பாஸ் என்ற ஆய்வாளர், வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களோடு 1970-களில் வேலை செய்தவர். முடிவு தெரியாத இழப்பில் குடும்பம் உறைந்து நின்றுவிடுகிறது என்று எழுதினார். அடக்கம் செய்ய எதுவும் இல்லை. கல்லறையில் பெயர் வைக்கலாமா கூடாதா என்று ஒரே வீட்டில் இரண்டு பேச்சு. அம்மா ஒரு தட்டு எடுத்துவைப்பார், மகனுக்கு அதைப் பார்த்தாலே எரியும். இதற்கு அவர் சொன்ன வழி எனக்கு நடைமுறையில் உதவியிருக்கிறது. வீட்டில் எல்லாரும் ஒரே முடிவுக்கு வர வேண்டியதில்லை. ‘அப்பா இனி இல்லை’ என்று நீங்களும் ‘ஒருவேளை வரலாம்’ என்று அம்மாவும் நினைத்துக்கொண்டே, புயல் அடித்த நவம்பர் 30 அன்று சேர்ந்து ஒரு பூசை வைக்கலாம்.

தம்பியிடம் ‘மனசு விட்டு அழு, எல்லாத்தையும் சொல்லு’ என்று வற்புறுத்த வேண்டாம். பேரிடர் முடிந்த கையோடு ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் பேசவைப்பதால் பிற்பாடு வரும் மனநோயைத் தடுக்க முடிவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. சுனாமிக்குப் பிறகு கொட்டில்பாட்டிலும் கீழமணக்குடியிலும் ஆட்கள் வந்து வந்து குழந்தைகளை அலை வரையச் சொன்னதை இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பேச வேண்டும் என்று தோன்றும்போது கேட்க ஆள் இருந்தால் போதும். அவன் எந்த நேரத்தில் குடிக்கிறான் என்று கவனியுங்கள். காற்று அடிக்கிற ராத்திரிகளில் அதிகம் குடிக்கிறான் என்றால், தூங்குவதற்காகக் குடிக்கிறான் என்று அர்த்தமாக இருக்கலாம். உள்ளே பயநோய் இருந்தால் குடியோடு சேர்த்து அதற்கும் வைத்தியம் பார்க்க வேண்டும். அப்புறம், வீட்டில் ஒரு பொறுப்பை முழுசாக அவன் கையில் விடுங்கள். அம்மாவை மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்றாலும் சரி. அவன் சொதப்பினாலும் நீங்கள் ஓடிப்போய்ச் செய்துவிடாதீர்கள்.

நான் நாகர்கோவிலில் எம்.எஸ்சி. உளவியல் படிக்கிறேன். உங்கள் ஆராய்ச்சி உண்மையில் எப்படி நடக்கிறது? மூளை ஸ்கேன் எல்லாம் எடுப்பீர்களா?

ஸ்கேன் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். என் வேலை பெரும்பாலும் திண்ணையில் உட்கார்ந்து கேள்வி கேட்பது.

ஆளுமைக் கோளாறை அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியில் உருவான ஒரு நேர்காணல் முறை இருக்கிறது. ஐபிடிஇ என்பார்கள். ஒரு நடத்தை ஐந்து வருடமாவது நீடித்திருக்க வேண்டும், ஒரு அம்சமாவது 25 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. போன மாதம் வேலை போனதிலிருந்து ஒருவர் எரிந்துவிழுகிறார் என்றால் அது இதில் சேராது. மீண்டெழும் திறனை அளக்க கானர், டேவிட்சன் இருவரும் 2003-ல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று. 25 கேள்விகள், நூற்றுக்கு மதிப்பெண். அளக்கச் சுலபம், ஆனால் அதில் வருவது பெரும்பாலும் அந்த ஆளின் நெஞ்சுரம்தான் என்று எனக்கு எப்போதும் ஒரு குறை. பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதையும் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

ஒரு நேர்காணல் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். திருவட்டாறு தாண்டி ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி வீடு. இருட்டோடு இருட்டாகத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய் வெட்டிவிட்டு, பால் எடுத்து, உறையவைத்து, ஷீட் அடித்துக் காயப்போட்ட பிறகுதான் அவர் உட்காருவார். மத்தியானம் ஆகிவிடும். அதற்கு முன்னால் போனால் கேள்வித்தாள்தான் நிரம்பும், பதில் கிடைக்காது. ‘யோசிக்காமல் சட்டென்று எதையாவது செய்துவிடுவீர்களா?’ என்று கேட்டேன். ‘அப்படியெல்லாம் இல்ல’ என்றார். உள்ளே மரச்சீனி அவித்துக்கொண்டிருந்த மனைவி, ‘பைக்கை வித்தது யாரு?’ என்றார். அவர் சிரித்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே மூன்று விஷயங்கள் சொன்னார், மூன்றும் அவருடைய இருபது வயதுக் காலத்தில் தொடங்கியவை. கூட வாழ்கிறவரிடமும் கேட்காமல் இந்தத் துறையில் எதையும் எழுத முடியாது. அதே சமயம், பெண்களிடம் பேசும்போது வீட்டுக்காரர்கள் கேட்கிற தூரத்தில் இருக்கவே கூடாது. அதற்கு அங்கன்வாடியையோ சர்ச் வளாகத்து மர நிழலையோ தேடிப் போகிறோம். பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகலாம், சிகிச்சைக்கு எந்தப் பாதிப்பும் வராது என்று சொல்லி, அது அவர்களுக்குப் புரிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தொடங்குவோம்.

கஷ்டமான பகுதி, மறுபடியும் போய்ப் பார்ப்பது. நம்பர் மாறியிருக்கும். ஆள் குவைத்தில் இருப்பார். கல்யாணம் ஆகிப் போன பெண்ணை அந்த வீட்டில் போய் விசாரித்தால் அவளுக்கே சிக்கல் வரும். விட்டுப்போனவர்கள் போகட்டும், கிடைத்தவர்களை வைத்துக் கணக்குப் போடலாம் என்று நினைத்தால் முடிவு கோணலாகிவிடும். அதிகம் துன்பப்படுகிறவர்கள்தான் பெரும்பாலும் கையிலிருந்து நழுவுகிறார்கள். மேலே நான் சொன்ன மெக்லீன் ஆய்வையும் கவாய் ஆய்வையும் நான் தலையில் வைத்துக் கொண்டாடுவது இதனால்தான். அத்தனை வருடம் ஆட்களை விடாமல் பிடித்துவைத்திருந்தார்களே! நீங்கள் ஆராய்ச்சிக்கு வருவதாக இருந்தால் புள்ளியியலை ஒழுங்காகப் படியுங்கள், பஸ் ஏறி ஊர் ஊராகப் போகவும் தயாராக இருங்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியரான என் கணவர், துண்டு இந்தப் பக்கம்தான் காய வேண்டும், சாவி அந்த ஆணியில்தான் தொங்க வேண்டும் என்கிறார். மாறினால் அன்று முழுக்கப் பேசமாட்டார். மகன் ‘அப்பாவுக்கு ஓசிடி’ என்கிறான். சரியா?
- தக்கலை

ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஓசிடி என்ற நோய் உள்ளவருக்குத் தன் செயல் தனக்கே வேதனையாக இருக்கும். கதவைப் பூட்டினோமா என்று பத்தாவது முறை பார்க்கும்போது, ‘இது அர்த்தமில்லாதது’ என்று பெரும்பாலும் அவருக்கே தெரியும், ஆனாலும் நிறுத்த முடியாது. உங்கள் கணவருக்குத் தன் ஒழுங்கு சரியென்றே படுகிறது, தப்பு மற்றவர்கள் மேல். இது கெடுபிடியான ஆளுமையின் பக்கம் சேரும். அதுவும் அளவு மீறி உறவையும் வாழ்க்கையையும் கெடுத்தால்தான் கோளாறு.

சாவிக்கு ஒரு ஆணி இருப்பது நல்லதுதான், இருக்கட்டும். நாள் முழுக்கப் பேசாமல் இருப்பதுதான் உங்களை வதைக்கிறது. ‘நீங்க பேசாம இருந்தா எனக்குத் தாங்கலை’ என்று, சண்டை இல்லாத ஒரு நேரத்தில், மாலை சாயா குடிக்கும்போது சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் பல பிள்ளைகளை ஒழுங்கில் வைத்திருந்தவருக்கு இப்போது கையில் வேறு எதுவும் இல்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நூலகக் கமிட்டி, கோயில் கணக்கு மாதிரி ஒழுங்கு தேவைப்படும் வேலை ஏதாவது கிடைத்தால் வீட்டுத் துண்டு தப்பிக்கும். இந்த மாற்றம் சமீபத்தில் திடீரென்று வந்தது, மறதியும் கூட இருக்கிறது என்றால் மட்டும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாவட்டத்துக்குள் எங்கே போவது? மனநல ஆஸ்பத்திரிக்குப் போனதாக வெளியே தெரிந்தால் பெண் பார்க்க யாரும் வரமாட்டார்களே?
- பலர் கேட்டது

ஆசாரிபள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் காய்ச்சலுக்கு வந்தவரா மனசுக்கு வந்தவரா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, உங்களைப் பற்றிய தகவலை உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது, சட்டமே விதிவிலக்குச் சொல்லும் சில இடங்களைத் தவிர. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்க்காதீர்கள்.

நேரில் போகத் தயக்கம் இருந்தால் 14416. டெலி மானஸ் என்ற மத்திய அரசின் இலவச எண், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

டாக்டரிடம் போகும்போது பழைய சீட்டுகளையெல்லாம் எடுத்துச் செல்லுங்கள். முதல் நாளே எல்லாம் தெரிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆளுமை பற்றிய முடிவுக்குச் சில சந்திப்புகள் தேவைப்படும். கூடப் போகிறவர் நோயாளியின் பதிலைத் தானே சொல்லாமல் கொஞ்ச நேரம் வெளியே உட்காரட்டும்.